வார இறுதி உலாவும் இனிப்பு நீர் மாத்திரையும்



சம்பளம் போட்ட வாரத்தில் புருஷனும் பெண்சாதியுமாக டவுனுக்குப் போய், ஒரு கடையில் வயிறாரச் சாப்பிட்டு, பந்து விளையாட்டுப் பார்த்துவிட்டு வீடு திரும்புவது நம் தோட்டங்களில் இன்று நேற்று வந்த பழக்கமல்ல. அந்தக் காலத்தில் லாரி பிடித்துக் கூட்டமாகப் போனோம். இப்போது மோட்டார் சைக்கிளில் ஜோடியாகப் போகிறோம். ஆறு நாள் வெயிலிலும் கொசுக்கடியிலும் கிடந்த உடம்புக்கும் மனசுக்கும் அது நல்ல மருந்து. ஆகவே "போகாதீர்கள்" என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போகிற இருவரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தால் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

"எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டில் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. நம் இனத்தாரிடையே இன்னும் அதிகம். உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் இருக்கும். ஸ்டேடியத்தில் உங்கள் பக்கத்து இருக்கையில் இருக்கும்.

ஈப்போவுக்கு வடக்கே ஒரு தோட்டத்தில் எனக்குத் தெரிந்த தம்பதி உண்டு. பெயர் வேண்டாம். அண்ணன் என்றும் அக்கா என்றும் வைத்துக்கொள்வோம். அண்ணன் பால்மரம் வெட்டுகிறவர், அப்போது வயது ஐம்பத்தெட்டு. ஸ்பைடர்மேன் ஆறுமுகம் கோல் காத்த காலத்திலிருந்து பந்து பார்க்கிறவர். ஆறுமுகம் சிலாங்கூர் ஆட்டக்காரராக இருந்தாலும், "அந்தக் கை போல இனி ஒரு கை வராது" என்று பேராக் ஆட்டத்தின் நடுவிலேயே சொல்லுவார். அக்காவுக்குப் பந்தைப் பற்றி அவ்வளவு தெரியாது. ஆனால் கூட்டமும் சத்தமும் பிடிக்கும். கச்சான் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இது நடந்தது 2018ல். பேராக் மலேசியக் கிண்ணத்தை வென்ற ஆண்டு அது. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து, இருவரும் ஈப்போவுக்கு வந்து, இரண்டு மணி வாக்கில் லிட்டில் இந்தியாவில் ஒரு வாழை இலைக் கடையில் உட்கார்ந்தார்கள். சோறு மூன்று தரம். பொரித்த மீன், ஆட்டுக்கறி, அப்பளம், பாயசம். கடைசியில் ஒரு தே தாரேக். வெயிலுக்கு இதமாக இன்னொன்று ஐஸ் போட்டு. சாமான் வாங்கிக்கொண்டு சுற்றியபோது ஒரு செண்டோல்.

அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னங்க, போன மாசந்தான் கிளினிக்ல அந்த மிஸ்ஸி அவ்வளவு சொன்னாங்க. மறந்துட்டீங்களா?"

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "சரி சரி, ராத்திரிக்கு எனக்குச் சாப்பாடு வேணாம். மாத்திரையையும் ஒண்ணு கூடப் போட்டுக்கிறேன். எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். சொன்னபடியே ஏழு மணிக்குச் சட்டைப் பையிலிருந்து ஒன்றுக்கு இரண்டு மாத்திரையாகப் போட்டுத் தண்ணீர் குடித்தார். சாப்பிடவில்லை. பிறகு மோட்டார் சைக்கிளை எங்கோ தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து, படியேறி, ஸ்டேடியத்துக்குள் போனார்கள்.

இடைவேளை வரைக்கும் ஒன்றுமில்லை. பிற்பாதி ஆட்டத்தில் அண்ணன் பேச்சு ஒருமாதிரியாக மாறியது. முன்வரிசைக்காரர் ஒருவரிடம் காரணமில்லாமல் சண்டைக்குப் போனார். அக்கா கையைப் பிடித்து இழுத்தபோது கை சில்லென்று நனைந்திருந்தது. சட்டை முழுக்க வேர்வை. உட்கார வைத்தால் நாக்குக் குழறுகிறது, கண் எங்கோ பார்க்கிறது. சுற்றி இருந்தவர்கள் முகத்தைச் சுளித்து ஒதுங்கினார்கள். "தண்ணியடிச்சிட்டு வந்து ஏன் மத்தவங்க உயிரை எடுக்கிறாரு" என்று நம் ஆள் ஒருவரே சொன்னாராம். அண்ணன் அன்றைக்கு ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு மலாய்க்கார மாக்சிக் இறங்கி வந்து, அண்ணன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடா கெஞ்சிங் மானிஸ் கெ?" என்று கேட்டார். இவருக்கு இனிப்பு நீர் உண்டா என்பதுதான் கேள்வி. அக்கா தலையாட்டியதும், தன் பேரனுக்கு வாங்கி வைத்திருந்த சிராப் தண்ணீர்ப் பையை எடுத்து, ஸ்ட்ராவை அண்ணன் வாயில் வைத்து, "மினும், மினும்" என்று அதட்டி உறிஞ்சச் செய்தார். கால் மணி நேரத்தில் அண்ணன் நிமிர்ந்து, "யார் கோல் போட்டது?" என்று கேட்டார்.

அந்த அம்மாளின் கணவருக்கும் இதே நோயாம். பட்டவர்களுக்குத்தான் தெரிகிறது. நாமும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? நடந்தது என்னவென்று பார்ப்போம்.

இனிப்பு நீர் என்றால் ரத்தத்தில் சீனி கூடுவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அது சரிதான். ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சீனி குறையவும் கூடும். கூடுவது வருஷக்கணக்கில் மெள்ள மெள்ள கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் அரிக்கும். குறைவது அப்படியல்ல. கால் மணி, அரை மணியில் ஆளைச் சாய்த்துவிடும். மூளைக்கு வேண்டிய தீனி சீனிதான். மூளை அதைப் பெரிதாகச் சேர்த்து வைப்பதில்லை, ரத்தத்திலிருந்து அவ்வப்போது எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அது தீர்ந்தால் பேச்சு குழறும், கோபம் வரும், புத்தி தடுமாறும், மயக்கம் வரும், வலிப்பும் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

எந்த மாத்திரை இப்படிச் செய்யும்? எல்லாம் அல்ல. நம் வயிற்றுக்குப் பின்புறம் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அது இன்சுலினைச் சுரந்து, சாப்பாட்டிலிருந்து வந்த சீனியை ரத்தத்திலிருந்து எடுத்து உடம்புக்குள் சேர்க்கிறது. கிளிக்கிளாசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகள் இந்தக் கணையத்தைத் தட்டி வேலை வாங்குகிறவை. சோறு வந்திருக்கிறதா இல்லையா என்று அவை கேட்பதில்லை. விழுங்கினால் தட்டும். இரண்டாக விழுங்கினால் இன்னும் பலமாகத் தட்டும். இன்சுலின் ஊசியும் இந்த வகையில் சேரும். மெட்ஃபோர்மின் என்ற மாத்திரை வேறு. அதை மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சாதாரணமாக இந்தச் சரிவு வருவதில்லை. உங்கள் மாத்திரை எது என்று உறையில் எழுதியிருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். இல்லையேல் மருந்து கொடுக்கிற இடத்தில், "இது சீனியை ரொம்ப இறக்கிடுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, இது வார இறுதியில் ஏன் வருகிறது என்பதைக் கவனியுங்கள். வேலை நாளில் நம் வயிற்றுக்கு ஒரு மணி உண்டு. பெரட்டுக்குப் போகுமுன் தேத்தண்ணியும் ரொட்டியும். பத்து மணிக்கு நிரையில் உட்கார்ந்து, கொண்டுபோன சோறு. பால் நிறுத்துவிட்டு வீடு வந்தால் மதியச் சாப்பாடு. இருட்டியதும் இரவுச் சாப்பாடு. டாக்டர் மாத்திரையை அளந்து கொடுப்பது இந்த ஒழுங்கை நம்பித்தான். சனி ஞாயிறு வந்தால் சாப்பாட்டு நேரம் தலைகீழாகிறது. பசியாறுவது பதினொரு மணிக்கு, மதியச் சோறு மூன்றுக்கு, இரவுச் சாப்பாடு "ஆட்டம் முடியட்டும்" என்று பதினொன்றரைக்கு. மாத்திரை மட்டும் பழைய நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடுகிறது. அதோடு நடை, படிக்கட்டு, இரண்டு மணி நேரம் நின்று கத்துவது. இதெல்லாம் சீனியைச் செலவழிக்கும் உழைப்புத்தான். வேடிக்கை பார்ப்பதை உழைப்பென்று நாம் கணக்கில் எடுப்பதில்லை.

அண்ணன் செய்த பெரிய தவறு விருந்து சாப்பிட்டதல்ல. விருந்துக்குப் பரிகாரமாக மாத்திரையைக் கூட்டியதும், அதற்குமேல் பட்டினி கிடந்ததும்தான். நம்மில் எத்தனை பேர் இதைச் செய்கிறோம்! தீபாவளிக்குப் பலகாரம் தின்றுவிட்டு ஒன்று கூடப் போடுவது, விரதம் இருக்கும்போது சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் விடாமல் போடுவது, எல்லாம் இந்தக் கணக்குத்தான். மத்தியானம் ஏறிய சீனி ராத்திரி வரைக்கும் காத்திருக்காது, தோழர்களே. ராத்திரி போடுகிற மாத்திரை ராத்திரிச் சாப்பாட்டுக்கு. கூடப் போடக்கூடாது. சாப்பாட்டோடு போடச் சொன்ன மாத்திரையைச் சாப்பாடு முன்னால் வந்தபிறகே போடுங்கள். இன்சுலின் ஊசிக்கு விதி வேறு. அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது. வெளியே போகிற நாளில் எப்படிப் போடுவது என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டுவையுங்கள். ஒரு வெள்ளிச் சீட்டுக்கு இந்தக் கேள்விக்கும் பதில் உண்டு.

அடையாளங்களைச் சொல்கிறேன், வீட்டுப் பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் சீனி குறைந்தவருக்குத் தனக்குக் குறைந்திருப்பது பல சமயம் தெரியாது. "எனக்கொண்ணுமில்ல, சும்மா இரு" என்று சண்டைக்கு வருவார். அந்தச் சண்டையே ஓர் அடையாளம். திடீரென்று குளிர்ந்த வேர்வை, கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, அகோரப் பசி, உதடு மரத்தாற்போல் இருப்பது, பார்வை மங்குவது. பிறகு குழறலும் தள்ளாட்டமும். வெயிலில் வேர்ப்பது எல்லாருக்கும் வேர்க்கும். ராத்திரி பத்து மணிக் காற்றில் ஒருவர் மட்டும் நனைந்திருந்தால் சந்தேகப்படுங்கள். சோதிக்கும் கருவி கையில் இருந்து அது 4க்குக் கீழே காட்டினால் சந்தேகமே வேண்டாம். கருவி இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

செய்ய வேண்டியது சுலபம். ஆள் விழிப்பாக இருந்து விழுங்க முடிந்தால், ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். தேக்கரண்டியானால் மூன்று நான்கு. அல்லது அரைக் கிளாஸுக்குச் சற்றுக் கூடுதலாகச் சிராப்போ டின் தண்ணீரோ கொடுங்கள். "சீரோ" என்று எழுதிய டின் உதவாது, அதில் சீனியே இல்லை. சாக்லேட், கேக், நெய்ப் பலகாரமும் வேண்டாம். அவற்றிலுள்ள கொழுப்பு சீனியை ரத்தத்தில் ஏறவிடாமல் தாமதப்படுத்தும். கொடுத்துவிட்டு கால் மணி பாருங்கள். தெளியவில்லையென்றால் இன்னொரு முறை அதே அளவு. தெளிந்ததும் ரொட்டி, பிஸ்கட், சோறு என்று ஏதாவது சாப்பிட வையுங்கள், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும்.

ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், சீனியையும் திணிக்காதீர்கள். மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 999க்கு அழைத்து, "கெஞ்சிங் மானிஸ், மாத்திரை சாப்பிடுகிறவர்" என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மாத்திரையால் குறைந்த சீனி ஒருமுறை ஏறிவிட்டதால் ஆபத்து தீர்ந்ததென்று நினைக்கக்கூடாது. மாத்திரை இன்னும் பல மணி நேரம் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். நடு ராத்திரித் தூக்கத்தில் மறுபடி இறங்கினால் யார் பார்ப்பது? அண்ணனும் தெளிந்தவுடன் மிச்ச ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் பிடிவாதம் பிடித்தார். அந்த மாக்சிக் விடவில்லை. அவருடைய மகன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ராத்திரி மறுபடி இறங்கி, சீனித் தண்ணீர் ஏற்றி, மறுநாள்தான் வீட்டுக்கு விட்டார்கள். மோட்டார் சைக்கிளில் கிளம்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பகீரென்கிறது. சீனி குறைந்து தெளிந்தவர் குறைந்தது முக்கால் மணி நேரத்துக்கு வண்டியைத் தொடவே கூடாது. புத்தி பழைய நிலைக்கு வர அவ்வளவு நேரமாகும். அண்ணனைப்போல இரட்டை மாத்திரை போட்டவர் அன்றைக்கு முழுக்கத் தொடக்கூடாது.

மதுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சீனி குறையும்போது கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்ததை ரத்தத்துக்குக் கொடுத்துக் காப்பாற்றும். வயிற்றில் பீரோ சம்சுவோ இருந்தால் கல்லீரல் அதைக் கழிக்கும் வேலையில் மாட்டிக்கொண்டு இதைச் செய்யத் தவறும். போதாததற்கு, வாயில் வாடை வந்தால் ஒருவரும் கிட்டே வரமாட்டார்கள். போதையென்று விட்டுவிடுவார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர் வெறும் வயிற்றில் குடிப்பது அவ்வளவு ஆபத்து.

சரி, அப்படியானால் கடையில் என்னதான் சாப்பிடுவது என்று கேட்பீர்கள். வாழை இலைச் சாப்பாடு ஒன்றும் எதிரியல்ல. இரண்டு மூன்று காய்கறி, கீரை, ரசம், மீன் எல்லாம் வைக்கிற சாப்பாடு நம் லயத்துச் சாப்பாட்டைவிட நல்லதாகக்கூட இருக்கும். சோறு ஒரு தரத்தோடு நிற்கட்டும். காயையும் மீனையும் முதலில் தின்றுவிட்டுப் பிறகு சோற்றில் கை வையுங்கள். சீனி மெதுவாக ஏறும். பரிமாறுகிற தம்பி வாளியோடு வந்து நின்றால் வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை, காசு கொடுத்தது வீண்போகுமே என்று தோன்றும். இலையை மடக்கிவிடுங்கள். தம்பி போய்விடுவார்.

உண்மையான கேடு இலையில் இல்லை, கிளாஸில் இருக்கிறது. டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். இரண்டு மேசைக்கரண்டி டின் பால் போட்ட ஒரு தே தாரேக்கில் சுமார் நான்கு தேக்கரண்டி சீனி இருக்கும். ஈப்போ வெள்ளைக் காப்பியும் அதே டின் பால்தான். ஒரு பெரியவருக்கு நாள் முழுக்கச் சேர்க்கிற சீனி ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் யோசனை. இரண்டு கிளாஸிலேயே அது தாண்டிவிடுகிறது. செண்டோலை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. 2019 ஜூலை முதல் அரசாங்கம் சீனி அதிகமுள்ள டின், போத்தல் பானங்களுக்கு வரி போட்டது. அதற்கு எல்லையாக வைத்தது 100 மில்லிக்கு 5 கிராம். டின்னின் முதுகில் அந்த எண்ணைப் பார்த்து வாங்கலாம். மாமாக் கடை ஆற்றுகிற கிளாஸுக்கு முதுகில் எழுத்து இல்லை. அங்கே நம் வாய்தான் எழுத்து. "தே ஓ கோசோங்" என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. முடியாதவர்கள் "குராங் மானிஸ்" என்று தொடங்குங்கள். ஒரு மாதத்தில் நாக்குப் பழகிவிடும், முழு இனிப்பு பிறகு திகட்டும்.

இங்கே ஒரு குழப்பம் வரக்கூடாது. முதலில் சிராப்பைக் குடிக்கச் சொன்னேன், இப்போது இனிப்பை விடச் சொல்கிறேன். சீனி இறங்கி நடுங்குகிறவருக்குச் சிராப் மருந்து. மற்ற நேரத்தில் அதே சிராப் நோயை வளர்க்கும் தீனி. பையில் இருக்கட்டும், வாய்க்குப் போகக்கூடாது.

அண்ணனும் அக்காவும் இன்றைக்கும் பந்து பார்க்கப் போகிறார்கள். அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், மகன் காரில் கொண்டுபோய் விடுகிறான். ஆறரை ஏழு மணிக்கு எந்தக் கடையாவது பார்த்து உட்கார்ந்து, சாப்பாடு மேசைக்கு வந்த பிறகு அக்கா மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறார், ஒன்றே ஒன்று. அக்காவின் கைப்பையில் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் சீனி, நான்கு பிஸ்கட், அண்ணனுடைய கிளினிக் புத்தகம். மாத்திரைப் பெயரை மகள் ஓர் அட்டையில் மலாயில் எழுதி அண்ணன் பர்ஸில் வைத்திருக்கிறாள். இடைவேளையில் அக்கா அண்ணனின் புறங்கையைத் தொட்டுப் பார்ப்பார், நனைந்திருக்கிறதா என்று. "ஊர் பாக்குது, கைய எடு" என்பார் அண்ணன். அக்கா எடுப்பதில்லை.